தம்பி தின்ற கீரை

உ
சேரன்மகாதேவி
22.1.2025

சித்ரலேகாவுக்கு உலகம்மாள் எழுதுவது.

உன்னோடு பேசக்கூடாது என்றுதான் இருக்கேன். பொங்கலுக்கு மறுநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். தம்பி கேட்டதற்குக் கரண்டு போச்சு என்று சொன்னாயாம். கரண்டு போனால் விளக்கு அணையும், செல்போனுமா அணையும்? நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள்தான். ஆனா அந்த அளவுக்கு மக்கு இல்லை. அதான் கடுதாசி எழுதுதேன். இதை நீ பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே கிடக்கும், என்றைக்காவது கண்ணில் படும்.

விஷயம் என் தம்பி, உன் புருஷன்தான். போன ஆடியில் மதுரையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணின உடம்பு. தேறி எழுந்து, வயலைப் பார்க்க டவுணிலிருந்து இங்க வரும்போதெல்லாம் மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டில்தான். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "அக்கா, கீரை உண்டா?"

ஏலே, வீட்டில் செய்யலையா என்று கேட்டேன். "டாக்டர் தினமும் கீரை தின்னச் சொல்லியிருக்காவ அக்கா, ரத்தம் ஊறணுமாம். அவளுக்கு ஆயுறதுக்கு நேரமில்ல" என்கிறான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கணும். தாயில்லாப் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்கிறான். எனக்கு வயிறு எரிந்துபோச்சு.

தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவள், சரி. இப்போ ரிட்டயராகி வீட்டில்தானே இருக்கே. ஒரு கட்டு சிறுகீரை ஆய்வதற்கு என்ன பெரிய நேரம்? டிவியில் விளம்பரம் ஓடுகிற நேரத்தில் ஆய்ந்துவிடலாம்.

இத்தோடு ஒரு கட்டு சிறுகீரையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் இசக்கிதுரை கையில் கொடுத்து அனுப்புகிறேன். எங்க தெருப் பையன், உங்க டவுண் ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போகிறவன், உனக்குத் தெரியும். சிறுகீரைக்கு நிறையத் தண்ணி வைக்காதே. கழுவின கீரையில் ஒட்டியிருக்கிற தண்ணியே பாதி போதும். சட்டியை மூடாதே, மூடினால் பச்சை போய் மாட்டுச்சாணி நிறத்துக்கு வந்துவிடும். தீ நன்றாக எரியட்டும். இரண்டு கொதி வந்து அடங்கினதும் உப்பைப் போட்டு இறக்கி, மத்தால் பைய கடை. முருங்கைக்கீரையை உளுந்து, வத்தல் தாளித்துத் தேங்காய்ப்பூ போட்டுத் துவட்டு. அகப்பைக் காம்பால் கிளறினால் கட்டி பிடிக்காது. இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. தெரிந்தும் செய்யவில்லை என்றுதான் சொல்லுதேன்.

உலகம்மாள்


திருநெல்வேலி டவுண்
24.1.2025

மதினி அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் கீரையும் கிடைத்தன. கடிதத்தை முழுக்கப் படித்தேன். கீரையை மாடி வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு உங்கள் சமையல் குறிப்பும் பிடித்திருந்தது.

இதைப் பயத்தில் எழுதுகிறேன். கோபத்தில் என்று நினைக்காதீர்கள். கோபமும் உண்டு.

டாக்டர் சொன்னது நேர் எதிர். உங்கள் தம்பி நெஞ்சில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறைந்து ஒட்டிவிடக் கூடாது. உறைந்த துணுக்கு ஒன்று மூளைக்குப் போனால் கைகால் விழுந்துவிடும், ஆளே போகலாம். அதற்காகத்தான் தினமும் ஒரு மாத்திரை, ரத்தத்தை நீர்க்க வைக்க. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அதனால்தான் இந்த வீட்டில் கீரை இல்லை. ஆயச் சோம்பல்பட்டு அல்ல.

மாதாமாதம் ரத்தம் சோதித்தால் ஒரு எண் வரும். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்கவேண்டும். இவருக்கு ஒன்றரையைத் தாண்டவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மறுமாதமும் அப்படியே. மறுபடி கூட்டினார். "அம்மா, மாத்திரையை ஒழுங்காக் கொடுக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார். நர்ஸுகள் முன்னால் கேட்டார். நான் இவர் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, விழுங்கினாரா என்று நின்று கவனித்தேன். மாத்திரைக் கம்பெனிமேல்கூடச் சந்தேகப்பட்டேன். "அக்கா வீட்டில் என்ன சாப்பிட்டீங்க?" என்றால், "ரசமும் மோரும்" என்பார். கண்ணைக்கூட இமைக்க மாட்டார்.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மதினி. தம்பி பெண்டாட்டி சோம்பேறி என்று நம்புவது அவ்வளவு எளிதாக இருந்ததா? இனி தயவுசெய்து ஒரு இலை வேண்டாம். கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

சித்ரலேகா


சேரன்மகாதேவி
27.1.2025

சித்ரலேகாவுக்கு,

உன் கடுதாசியை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. என் கையால் ஆக்கிப் போட்டது என் தம்பிக்கு விஷமா என்று ஒரே நினைப்பு. பிறகு கோபம் வந்தது, அப்புறம்தான் எனக்கு உயிரே வந்தது.

நேற்று வந்தான். இலை போட்டேன். கேட்டேன்.

"ஏலே சம்பந்தா, டாக்டர் உன்னிடம் கீரையைப் பற்றி என்ன சொன்னார்?"

"கீரை நல்லதுன்னு பொதுவாச் சொன்னார்."

"பொதுவான்னா யாருக்கு?"

"ஊருக்கு."

"உனக்கு?"

உத்தரத்தைப் பார்க்கிறான். பல்லி எண்ணுகிற மாதிரி. மூன்று பேரப்பிள்ளை எடுத்த மனுஷன், எலக்ட்ரிக் ஆபீஸில் இன்ஜினியருக்கே பதில் சொன்னவன். "அக்கா, நாப்பது வருஷமாத் தின்ன கீரை, திடீர்னு விடுன்னா எப்படி விடுறது?" என்கிறான். சிகரெட்டை விட்டவன். அதை அலுங்காமல் விட்டான். கீரையை விட முடியாதாம். இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல.

ரசமும் அப்பளமும் போட்டேன். பொய்யை நிஜமாக்கிவிட்டேன். பாதியில் எழுந்து போய்விட்டான். கன்னடியன் கால்வாய்க் கரையில் கீரைப்பாத்தி போட்டிருக்கிற சுடலைவடிவிடமும் சொல்லியாச்சு, இவன் வந்து கேட்டால் ஒரு காம்புகூடக் கொடுக்காதே என்று. "அண்ணாச்சி காசு கொடுத்தா நான் என்ன செய்ய?" என்றாள். காசை என்னிடம் வாங்கிக்கோ என்றேன்.

இதோடு என் பக்கத்துக் கணக்கு முடிந்தது. இப்போ உன் பக்கம். எழுந்து போகும்போது உன் புருஷன் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். பொங்கலுக்கு உன் மகள் விஜயஸ்ரீ பெங்களூரிலிருந்து ஏதோ சுருட்டை இலை கொண்டுவந்தாளாம், கேல் என்று பேராம். நீயே வதக்கி, நீயே பரிமாறி, அவள் ஊருக்குப் போகிற வரைக்கும் இவன் தின்றானாம். அது பச்சையாக இருந்ததா? இலையாக இருந்ததா? சட்டியில் போட்டால் வதங்கினதா? அப்புறம் அது என்னதாம், அயிரை மீனா?

என்னைக் கேட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தாய். நீ டாக்டரைக் கேட்டாயா?

உலகம்மாள்


திருநெல்வேலி டவுண்
30.1.2025

மதினி,

கேட்கவில்லை. நீங்கள் எழுதிய பிறகு கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாம் அரைத்தும் கடைந்தும் தின்கிற எல்லாக் கீரையையும்விட அதில்தான் மாத்திரையைக் கெடுக்கிற சத்து அதிகமாம்.

விஜயஸ்ரீ மொட்டைமாடித் தொட்டியில் வளர்த்தது. அப்பாவுக்கென்று ஈரத்துணியில் சுற்றி, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "கீரை ஆகாதுடி" என்று நான் முதலிலேயே சொன்னேன். "இது கீரையில்லம்மா, கோஸ் இனம்" என்றாள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. தடித்த இலை, கோஸ் வாடை. நடு நரம்பைக் கிழித்து எடுத்து, எண்ணெயில் பூண்டு போட்டு வதக்கித் தண்ணீர் தெளித்தோம். நம் கீரை மாதிரி இரண்டு கொதியில் அடங்குகிற ஜாதி இல்லை, அதோடு வெகுநேரம் போராடினோம். ஒரு கீரைக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்காது, இது காய்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இவர் ஒன்றும் பேசாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோஸ் என்றால் இவர் தட்டை நகர்த்திவிடுவார்.

போகட்டும். இப்போது இரண்டு வீட்டிலும் அடைத்தாயிற்று. எங்கள் வீட்டில் பச்சையென்று இருப்பது கறிவேப்பிலை மட்டும், அதையும் இவர் தட்டிலிருந்து நானே எடுத்துப் போட்டுவிடுகிறேன். மாத்திரை டாக்டர் கூட்டிக் கொடுத்த அளவிலேயே ஓடுகிறது. அடுத்த சோதனையில் எண் தானாக ஏறும் பாருங்கள்.

உங்கள் தம்பி என்னோடும் பேசவில்லை. தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். விடட்டும்.

சித்ரலேகா


பாளையங்கோட்டை
12.2.2025

மதினி,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தம்பி கண் விழித்துப் பேசுகிறார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் போனை உங்கள் மருமகள்தான் எடுப்பாள், அவளிடம் சொல்லி அது உங்கள் காதுக்கு வேறு விதமாக வந்து சேர்வதை நான் விரும்பவில்லை. இசக்கிதுரை இங்கேயே நிற்கிறான். இதை வாங்கிக்கொண்டு மத்தியான ரயிலுக்கு வருவான்.

நேற்றுக் காலையில் மூக்கிலிருந்து ரத்தம். துண்டை நனைத்து வைத்தோம், அழுத்திப் பிடித்தோம், நிற்கவில்லை. வாயில் ஈறிலிருந்தும் கசிந்தது. ஆட்டோவில் இவர் தலை என் தோளில் இருந்தது, என் சேலை முழுக்க நனைந்துவிட்டது. எண்ணைப் பார்த்தார்கள். ஏழுக்கு மேல். தண்ணீராகப் போய்விட்டது ரத்தம்.

"சாப்பாட்டில் என்ன மாற்றினீங்க?" என்றார் டாக்டர். ஒன்றும் மாற்றவில்லை, கீரையைத்தான் அடியோடு நிறுத்தினோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவர் கூட்டிக் கொடுத்த மாத்திரை, கீரை தின்கிற ஆளுக்கான மாத்திரை மதினி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து கீரையைப் பிடுங்கிவிட்டோம், மாத்திரையை அப்படியே விட்டுவிட்டோம். கீரையே கூடாது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லையாம். திடீரென்று கூட்டக்கூடாது, திடீரென்று குறைக்கவும்கூடாது, தினமும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றுதான் சொன்னாராம். நான் பாதியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்துவது இன்னும் நல்லது என்று நானாக முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது மாத்திரையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதையும் அதிக நாள் நிறுத்த முடியாது, வால்வில் உறைந்துவிடும். புதிதாக அளவு போடவேண்டும். அதற்கு முன்னால் இவர் உண்மையில் எவ்வளவு கீரை தின்றார் என்று டாக்டருக்குத் தெரியவேண்டும். இவரைக் கேட்டால் "கொஞ்சம்" என்கிறார். உங்களைத்தான் கேட்கிறேன். என்ன கீரை, எவ்வளவு. என்மேல் உள்ள கோபத்தில் கூட்டியும் எழுதவேண்டாம், பயத்தில் குறைத்தும் எழுதவேண்டாம்.

சித்ரலேகா


சேரன்மகாதேவி
12.2.2025

சித்ரா,

இசக்கிதுரையை வாசலிலேயே நிறுத்திவைத்து எழுதுதேன். சாயங்கால ரயிலில் திரும்ப ஏற்றிவிடுவேன்.

கொஞ்சமா? கொஞ்சமாம். எழுதிக்கோ.

வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம் வருவான், சில வாரம் மூன்று. சிறுகீரையோ தண்டங்கீரையோ ஒரு பெரிய கட்டு கடைந்தால் என் வெங்கலக் கிண்ணம் நிறைய வரும். அதில் எனக்கு ஒரு கரண்டி, மருமகளுக்கு ஒரு கரண்டி. பாக்கி அவனுக்கு. முதலில் சோற்றில் நெய் விட்டுக் கீரையைப் பிசைவான். அப்புறம் குழம்புச் சோற்றுக்கு அதுதான் வெஞ்சனம். கடைசியில் மோருக்கும் ஒரு கரண்டி. முருங்கைக்கீரைத் துவட்டல் என்றால் சோறு தொட்டுக்கொள்ள, கீரை சாப்பிட. அகத்தி எப்பவாவது. பொன்னாங்கண்ணி ஆற்றங்கரையில் கிடைத்தால்.

இன்னொன்றும் இருக்கு. அதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கு, ஆனா டாக்டருக்குத் தெரியணும் என்கிறாய். அவன் வரும்போதெல்லாம் ஒரு தூக்குச்சட்டியில் தனியாகக் கீரை வைத்து உனக்கென்று கொடுத்து அனுப்புவேன். "அவளிடம் கொடு, ஆய நேரமில்லாதவள் தின்னட்டும்" என்று சொல்லித்தான் அனுப்புவேன், ஆனால் நல்ல கீரையைத்தான் வைப்பேன், மேல் கீரையை எடுத்து வைப்பேன். மறுதடவை சட்டி கழுவித் திரும்பி வரும். நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லா இருந்துச்சு என்று வேண்டாம், உப்புக் கூடிப்போச்சு என்றாவது சொல்லியிருக்கலாமே என்று இருந்தேன். அந்தக் கோபத்தில்தான் பொங்கலுக்கு உன்னிடம் அப்படிப் பேசினேன்.

இப்போ யோசித்தால் எனக்கு வேறு மாதிரி தோணுது. அந்தச் சட்டி உன்னிடம் வந்ததா? அவனைக் கேள். மூக்கில் பஞ்சு இருக்கிறதென்று பாவம் பார்க்காதே.

நாளைக்குக் காலையில் வருகிறேன். அவனைத் திட்டுவேன், நீ தடுக்கக்கூடாது.

உலகம்மாள்


திருநெல்வேலி டவுண்
3.3.2025

மதினி,

நீங்கள் வந்து போன பிறகு வார்டில் எல்லோரும் இவரை "கீரைத் தாத்தா" என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் இவருக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

நீங்கள் எழுதியதை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். வெங்கலக் கிண்ணம் எவ்வளவு கொள்ளும் என்று கேட்டார். காதால் கேட்டவரைக்கும் ஒரு மாடு தின்கிற அளவு இருக்கும் போலிருக்கிறதே என்றார். தூக்குச்சட்டியையும் சொன்னேன்.

இவரை அன்றே கேட்டேன். "சலைன் ஏறுது, பேசக்கூடாது" என்று கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, சலைன் இல்லாத இடமாகப் பார்த்து உட்காரவைத்துக் கேட்டேன். டவுண் ஸ்டேஷனில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அங்கேயே தின்றுவிட்டு, ஸ்டேஷன் குழாயில் சட்டியைக் கழுவிவிடுவாராம். எத்தனை மாதமாக என்றேன். "ரயில்ல வரும்போது வாசனை வருதுல்லா" என்கிறார்.

ஒரு நாள்கூட ஒரு இலை எனக்கு வந்ததில்லை, மதினி. ஆபரேஷனான வீட்டுக்கு நாத்தனார் ஒரு கறி ஆக்கி அனுப்பவில்லையே, ஊரெல்லாம் அனுப்பினார்களே என்று எனக்கும் மனசில் இருந்தது. அதனால்தான் போனை வைத்தேன். கரண்டு போகவில்லை.

இப்போது ஏற்பாடு இதுதான். தினமும் ஒரு சின்னக் கிண்ணம் கீரை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்குத் தகுந்த மாத்திரை. போன வாரச் சோதனையில் எண் மூன்று. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், முதல் தடவையாக. ஒரு தப்பு நடந்தால் மறுபடி ஆட்டோவில் போகவேண்டியிருக்கும். அடுத்த தடவை மூக்காகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, தலைக்குள்ளும் கசியலாம் என்றார். அதைக் கேட்டதிலிருந்து அடுப்பில் கீரை வைத்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

வயலைப் பார்க்க மறுபடி வரவேண்டும் என்று நச்சரிக்கிறார். அதனால் எங்கள் கிண்ணத்துக்கு ஜோடியாக இன்னொன்று வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டில் சாப்பிடுகிற நாளில் இந்தக் கிண்ணத்தால் அளந்து போடுங்கள், அன்று நான் இங்கே கொடுக்கமாட்டேன்.

சித்ரா


சேரன்மகாதேவி
6.3.2025

சித்ராவுக்கு,

கிண்ணம் வந்தது. திருப்பி அனுப்புகிறேன். கோபப்படாதே, கடைசிவரை படி.

நேற்று வந்தான். நடை நன்றாக இருக்கு, முகத்தில் ரத்த ஓட்டம் தெரியுது. வயலைக்கூடப் பார்க்கவில்லை, நேரே அடுக்களை வாசலில் வந்து நிற்கிறான்.

"அக்கா, இன்னைக்கு அங்கன கீரை தரல. உன் வீட்டுல சாப்பிடுற நாளுன்னு சொல்லிட்டா. கிண்ணம் எங்க?"

அடுப்பில் முருங்கைக்கீரை அப்போதான் துவண்டு வந்திருக்கு. நீ எழுதினபடிதானே என்று நானும் கிண்ணத்தைக் கழுவிக் கரண்டியை எடுத்தேன். சிரித்தான். பல்லிடுக்கில் பச்சை.

"வாயைத் திறலே" என்றேன். மூடிக்கொண்டான். கடைவாய்ப் பக்கம் சிறுகீரை. உன்னிடம் கிண்ணத்தை வாங்கித் தின்றுவிட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறான். உன்னிடம் வயலுக்கு நாளைக்குப் போறேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே இங்க வந்திருக்கிறான், இல்லையா? எனக்குத் தெரியும். நான் எடுத்து வளர்த்த பிள்ளை.

கிண்ணம் ஒன்று அங்கே, ஒன்று இங்கே இருந்தால் நடுவில் ரயில் இருக்கு சித்ரா. ரயிலில் இவன் இருக்கான். எத்தனை கிண்ணம் வாங்கினாலும் இவன் இரண்டு பக்கமும் நீட்டுவான். அளவு ஒரு கையில்தான் இருக்கணும். அது உன் கையாக இருக்கட்டும். மாத்திரையும் நீதான் கொடுக்கே, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினதும் நீதான்.

அதனால் இனி என் வீட்டில் அவனுக்குக் கீரை கிடையாது. ரசம், அவியல், சொதி, எது வேண்டுமோ கேட்கட்டும். கீரை மட்டும் இல்லை. நேற்று அவனை முன்கட்டில் உட்காரவைத்து ரசஞ்சோறு போட்டேன். அடுக்களையிலிருந்து உளுந்து தாளித்த வாசனை போகுது, அவன் மூக்கு அந்தப் பக்கமே திரும்பியிருக்கு. என் கைக் கீரை வேண்டாம் என்று இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. நானே சொல்லும்படி ஆச்சு.

நீ கொடுக்கிற அந்தச் சின்னக் கிண்ணத்தையாவது ஒழுங்காகச் செய். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் அவனுக்கு. மூடாதே. பாத்திரக்கடை ஸ்டீல் சட்டியில் செய்கிறாயோ என்னவோ, அடி பிடித்துவிடும், பக்கத்தில் நில். நெஞ்சு அடித்துக்கொண்டால் அடித்துக்கொள்ளட்டும், கையைப் பார்த்துக்கோ.

வருகிற சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் வா. சுடலைவடிவு பாத்தியில் தண்டங்கீரை இளசாக வந்திருக்கு. இத்தனை மாதம் உனக்கென்று ஆக்கினதில் ஒரு வாய்கூட நீ தின்றதில்லை, அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்கமாட்டேங்குது. உனக்கு மாத்திரை ஒன்றும் கிடையாதே? இருந்தால் இசக்கிதுரையிடம் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடு.

அவனுக்கு அங்கேயே கிண்ணத்தை அளந்து மூடி வைத்துவிட்டு வா. கூட்டிக்கொண்டு வராதே.

உலகம்மாள்